ஈர மைதானத்தில் புதைந்த பந்து: அறிகுறி பார்த்து ரிலீஃப் எடுக்கும் முறை

மழை விட்ட மறுநாள் கோல்ஃப் மைதானத்தில் வாக்குவாதம் எழுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். பந்து மண்ணுக்குள் இறங்கிக் கிடக்கிறது. ரிலீஃப், அதாவது பந்தை எடுத்து வேறு இடத்திலிருந்து ஆடும் அனுமதி, உண்டா, இல்லையா? எடுத்தால் எங்கே டிராப் செய்வது, அதாவது கையிலிருந்து தரையில் விடுவது? விதி தெரியாததால் போகும் அடிகளைவிட, பார்க்கும் முன்பே கை பந்தை எட்டிவிடுவதால் போகும் அடிகள் அதிகம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பார்க்க வேண்டியதும், பிறகு கை வைக்க வேண்டியதும் வரிசையாக இருக்கின்றன. செலவில்லாத தீர்வு முதலில் வரும். ஒரு அடி, இரண்டு அடி (ஸ்ட்ரோக்) பெனால்டி ஆகும் தீர்வுகள் அதன் பின்னால்.

முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடம்) போகும் முன்: அறிவிப்புப் பலகை

அன்றைய லோக்கல் ரூல், அதாவது அந்த மைதானத்துக்கான தனி விதி, என்ன என்று பாருங்கள். ஈர நாளில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, புதைந்த பந்துக்கான ரிலீஃபைப் போட்டியை நடத்தும் கமிட்டி சுருக்கியிருக்கிறதா? 2019 ஜனவரி 1க்கு முன் பொது விதி ஃபேர்வே (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆடுபாதை) உயரத்துக்கு வெட்டிய புல்லில் மட்டுமே இலவச ரிலீஃப் தந்தது; ரஃபிலும் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள உயரமான புல்) வேண்டுமென்றால் லோக்கல் ரூல் போட வேண்டும். 2019இல் அது தலைகீழாகிவிட்டது. இப்போது விதி 16.3 ஜெனரல் ஏரியா முழுவதற்கும் (டீ, பங்கர் என்ற மணல் பள்ளம், நீர்நிலை போன்ற பெனால்டி ஏரியா, குழி உள்ள கிரீன் தவிர்த்த மைதானம்), ரஃப் உட்பட, ரிலீஃப் தருகிறது. அதை ஃபேர்வேக்கு மட்டும் என்று குறைக்க வேண்டுமானால் கமிட்டி எஃப்-2 என்ற மாதிரி லோக்கல் ரூலைப் போட வேண்டும். பழைய விதியில் பல வருடம் ஆடியவர்கள் "ரஃபில் கிடையாது" என்று அடித்துச் சொல்வது இதனால்தான். பலகையில் எஃப்-2 இல்லையென்றால் ரஃபிலும் உண்டு.

இரண்டாவது, பிரிஃபர்டு லைஸ், அதாவது ஃபேர்வேயில் பந்தை எடுத்து நல்ல இடத்தில் வைக்க விடும் இ-3 லோக்கல் ரூல், போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் எவ்வளவு தூரம்? ஒரு கிளப் (ஆடும் மட்டை) நீளமா, ஆறு அங்குலமா? ஸ்கோர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைக்கும் இ-2 இருக்கிறதா, எந்தப் பகுதிக்கு? இ-2வில் குறியிட்டு எடுத்து அதே புள்ளியில் திரும்ப வைக்க வேண்டும். இ-3இல் ரிலீஃப் ஏரியாவுக்குள் (ரிலீஃப் எடுக்க அனுமதித்த பரப்பு) விரும்பிய புள்ளியில் வைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அறிகுறி: ஃபேர்வேயிலோ ரஃபிலோ பந்து பாதி மண்ணுக்குள்

மண்டியிட்டு, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் ரஃபில் எல்லாப் பந்தும் புதைந்தது போலத்தான் தெரியும். கேள்வி இரண்டே: பந்து உங்கள் அடியால் அதுவே உண்டாக்கிய பிட்ச் மார்க்கில் (விழுந்த வேகத்தில் உண்டான பள்ளம்) இருக்கிறதா? பந்தின் ஏதாவது ஒரு பகுதி தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா? தரை மட்டம் என்பது மண்ணின் மட்டம், புல் நுனியின் மட்டம் அல்ல. பந்து மண்ணைத் தொட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நடுவில் நசுங்கிய புல்லோ இலையோ இருக்கலாம். எவ்வளவு ஆழம் என்று விதி அளவு சொல்லவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாலும் போதும்.

மேலிருந்து பார்த்துத் தீர்மானிக்க முடியவில்லை என்றால் விதி 16.4 உங்களுக்குக் கை கொடுக்கிறது. புதைந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். வரிசை இது:

1. பந்துக்குப் பின்னால் டீ ஆணியையோ மார்க்கர் வில்லையையோ வையுங்கள்.
2. இரண்டு விரலால் நேராக மேலே தூக்குங்கள். துடைக்காதீர்கள், சட்டைப் பையில் போடாதீர்கள், உள்ளங்கையில் உருட்டாதீர்கள். ஒட்டியிருக்கும் சேறு அப்படியே இருக்க வேண்டும்.
3. பந்து இருந்த இடத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். சுற்றிலும் விளிம்பு தட்டுப்பட்டு, அடியில் புல் கிழிந்தோ அமுங்கியோ ஈர மண் தெரிந்தால் அது பிட்ச் மார்க். விளிம்பு இல்லாமல் சரிவாக இறங்கி, அடிவரை புல் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அது இயற்கையான பள்ளம். அதற்கு ரிலீஃப் இல்லை.
4. புதையவில்லை என்றால் அதே சேற்றோடு அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.

குறியிடாமல் எடுத்தாலோ துடைத்துவிட்டாலோ ஒரு அடி பெனால்டி. ஆனால் ரிலீஃப் உண்டு என்று உறுதியாகி அதை எடுத்துக்கொண்டால், குறியிட மறந்ததற்கும் துடைத்ததற்கும் பெனால்டி இல்லை. இதை நம்பி அவசரப்பட வேண்டாம். புதையவில்லை என்று தெரிந்த கணத்தில் அந்தச் சலுகை போய்விடும். எடுக்கும் முன் உடன் ஆடுபவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் 2019இலிருந்து இல்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி அவரையும் பார்க்க வைப்பதுதான் சரி. பிட்ச் மார்க்கை இரண்டாவது ஜோடிக் கண் பார்த்திருந்தால் பிறகு கேள்வி வராது.

புதைந்தது உறுதியானால் டிராப்:

பந்து புதைந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல் உள்ள புள்ளிதான் அளவின் தொடக்கம். அங்கிருந்து ஒரு கிளப் நீளம், குழிக்கு அருகில் போகாமல், ஜெனரல் ஏரியாவுக்குள். கிளப் என்றால் பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) தவிர பையில் இருப்பதில் நீளமானது, பெரும்பாலும் டிரைவர். அதே பந்தும் ஆகலாம், வேறு பந்தும் ஆகலாம். துடைத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து நிற்கும்போது இருக்கும் முழங்கால் உயரத்திலிருந்து நேராகக் கீழே விடுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, இரண்டு கிளப் நீளம் அளப்பது. இரண்டு கிளப் என்பது ஆட முடியாத பந்துக்கும் சிவப்பு பெனால்டி ஏரியாவுக்கும் ஒரு அடி பெனால்டியோடு வரும் பக்கவாட்டு ரிலீஃபில்தான். ஒரு கிளப்புக்கு வெளியே நின்ற பந்தை ஆடிவிட்டால் தவறான இடத்திலிருந்து ஆடியதாகும். ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு அடி, மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் ஆட்டம்) அந்தக் குழியே போய்விடும். இரண்டு, டிராப் செய்யும் முன்பே பிட்ச் மார்க்கை ஷூவால் மிதித்துச் சமப்படுத்துவது. அது நீங்கள் நிற்கும் இடத்தையோ ஆடும் பாதையையோ சீராக்கினால் ஆடும் நிலைமையைச் சீராக்குவதைத் தடுக்கும் விதி 8.1இல் மாட்டிக்கொள்வீர்கள். அடித்து முடித்த பிறகு சரி செய்யுங்கள். மூன்று, டிராப் செய்த பந்து பழைய பிட்ச் மார்க்குக்கே உருண்டு போனால் "விதி விட்ட வழி" என்று அடித்துவிடுவது. அந்தக் குழிவு தொடக்கப் புள்ளிக்கு முன்னால், அதாவது ரிலீஃப் ஏரியாவுக்கு வெளியே இருக்கிறது. மறுபடி டிராப் செய்ய வேண்டும்.

பிரிஃபர்டு லைஸ் அமலில் இருந்து, பந்து ஃபேர்வேயில் புதைந்திருந்தால் டிராப்பே தேவையில்லை. இ-3படி கையால் வைத்துவிடலாம். சேற்றில் டிராப் செய்து மோசமான இடத்தில் நிற்பதைவிட இதுதான் மேல். ஆனால் வைத்த பந்து ஆட்டத்தில் வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்று இரண்டாம் முறை எடுக்க முடியாது. ரஃபில் புதைந்த பந்துக்கு இ-3 பொருந்தாது, 16.3 மட்டும்தான். அப்படி ரஃபிலிருந்து டிராப் செய்த பந்து ரிலீஃப் ஏரியாவுக்குள் இருக்கும் ஃபேர்வேயில் நின்றால், அதற்கு இ-3ஐயும் ஒரு முறை பயன்படுத்தலாம்.

இடம் ஜெனரல் ஏரியாதான், பந்து புதைந்துதான் இருக்கிறது, ஆனாலும் ரிலீஃப் இல்லை

இதற்குச் சில காரணங்கள் உண்டு.

ஃபேர்வே உயரத்துக்கு வெட்டாத இடத்தில் உள்ள மணலில் புதைந்தால் இலவச ரிலீஃப் கிடையாது. மணல் நிரப்பிய டிவட் (கிளப் புல்லைப் பெயர்த்த பள்ளம்) ஃபேர்வேயில் இருந்தால் அது வேறு; அதற்கு உண்டு.

புதருக்கு நடுவில், எப்படியும் அடிக்கவே முடியாத இடத்தில் புதைந்திருந்தாலும் இல்லை. புதைந்ததால் அல்ல, புதரால்தான் ஆட முடியவில்லை என்பது விதியின் கணக்கு.

பந்தின் மேல்பாகத்தில் கிளப் பட்டு, அது காற்றில் எழாமலேயே கண் முன்னால் மண்ணுக்குள் அமுங்கினால் அதுவும் புதைந்த பந்து ஆகாது. ஈர நாளில் அயர்ன் கிளப்பால் அடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பந்து பறந்திருந்தால்தான் பிட்ச் மார்க் என்ற பேச்சே. மரத் தண்டில் சிக்கிய பந்தும் தரையில் புதைந்ததல்ல.

எல்லாவற்றுக்கும் மிச்சமிருக்கும் வழி, அப்படியே ஆடுவது. இல்லையென்றால் ஒரு அடி பெனால்டியோடு விதி 19, அதாவது ஆட முடியாத பந்துக்கான ரிலீஃப்.

அறிகுறி: பந்து குதித்ததா என்று தெரியவில்லை

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இறங்கிய இடம் மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பந்து ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. கிளைகள் மூன்று:

தரையில் விழுந்து, பின்னோக்கிச் சுழன்று தன் பிட்ச் மார்க்கிலேயே வந்து விழுந்தால் ரிலீஃப் உண்டு.

ஒரு முறை குதித்து, அந்தக் குதிப்பில் விழுந்த இடத்தில் புதிதாகப் பள்ளம் உண்டாக்கி அதிலேயே நின்றாலும் உண்டு.

குதித்தோ உருண்டோ வேறொருவர் பந்தின் பிட்ச் மார்க்கில் போய் விழுந்தால் இல்லை. அப்படியே ஆட வேண்டும். பிரிஃபர்டு லைஸ் இருந்து இடம் ஃபேர்வேயாக இருந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

வேறுபடுத்திப் பார்க்கும் வழி: உங்கள் பந்தின் பிட்ச் மார்க் நீங்கள் அடித்த திசைக்கு ஒத்து இருக்கும்; பந்து நுழைந்த பக்கம் சரிந்து, எதிர்ப்பக்கம் மண் தள்ளப்பட்டு உயர்ந்திருக்கும். விளிம்பு ஈரமாகப் பளபளக்கும். பழைய மார்க்கின் விளிம்பு மங்கியிருக்கும், சில சமயம் உள்ளே காய்ந்த புல் துணுக்கு கிடக்கும். இன்னொரு மார்க் அருகில் இருக்கிறதா என்று சுற்றிலும் இரண்டு அடி தூரம்வரை தேடிப் பாருங்கள்.

கை வைக்கும் முன் யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் டோரி பைன்ஸில் நடந்த ஃபார்மர்ஸ் இன்சூரன்ஸ் ஓபனின் மூன்றாம் சுற்றில், 10ஆவது குழியில் அமெரிக்க வீரர் பேட்ரிக் ரீட் பந்தை எடுத்த பிறகுதான் ரெஃபரியை அழைத்தார். பந்து ஒரு முறை குதித்தது பிறகு தொலைக்காட்சிப் பதிவில் தெரிந்தது. விதி மீறல் இல்லை என்றுதான் அதிகாரிகள் முடிவு சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு நாள் கணக்கில் ஓடியது. பந்து தரையில் இருக்கும்போதே இன்னொருவரைப் பார்க்க வைத்திருந்தால் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

அறிகுறி: பங்கரின் ஈர மணலில் பந்து பாதி மறைந்திருக்கிறது

இலவச ரிலீஃப் இல்லை. வழிகள் செலவு வரிசையில்:

அப்படியே ஆடுவது, பெனால்டி இல்லை.

ஆட முடியாத பந்து என்று சொல்லி, ஒரு அடி பெனால்டியோடு பங்கருக்குள்ளேயே டிராப் செய்வது. குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போகலாம், அல்லது பந்திலிருந்து இரண்டு கிளப் நீளம் பக்கவாட்டில். அதே ஒரு அடிக்கு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போகவும் செய்யலாம்.

இரண்டு அடி பெனால்டியோடு அதே கோட்டில் பங்கருக்கு வெளியே வருவது.

முடிவெடுக்கும் முன் பந்தையோ உங்கள் நிற்பையோ தேங்கிய தண்ணீர் பாதிக்கிறதா என்று பாருங்கள். பாதித்தால் பங்கருக்குள் இலவச ரிலீஃப் கிடைக்கும். முழுக்கத் தண்ணீர் என்றால் பங்கருக்குள் தண்ணீர் மிகக் குறைவாகப் பாதிக்கும் இடத்துக்கும் போகலாம். ஒரு அடி பெனால்டியோடு கோட்டில் பின்னால் வெளியேயும் வரலாம். ஆட முடியாத பந்து என்று வெளியே வர இரண்டு அடி ஆகும் இடத்தில், தண்ணீர் காரணத்தால் ஒரு அடியில் முடிகிறது. பலர் இதைக் கவனிக்காமல் ஒரு அடியை வீணாக விடுகிறார்கள்.

பந்து பங்கரின் மணலில் இல்லாமல், மேலே உள்ள புல் முகப்பில் குத்திக்கொண்டு நின்றால் கதை மாறும். புல்லும் மண்ணும் உள்ள விளிம்பும் முகப்பும் பங்கரின் பகுதி அல்ல, ஜெனரல் ஏரியா. எனவே 16.3 ரிலீஃப் உண்டு. புல் கட்டிகளை அடுக்கிக் கட்டிய முகப்புக்கு மட்டும் ரிலீஃப் இல்லை என்று லோக்கல் ரூல் போட எஃப்-2 இடம் தருகிறது. பலகையைப் பார்த்தீர்களா என்று மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். சரிவில் டிராப் செய்த பந்து மணலுக்கு உருண்டு போனால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி: டிராப் சரியாக அமையவில்லை

பந்து ரிலீஃப் ஏரியாவுக்கு வெளியே நின்றால் இரண்டாம் முறை டிராப். மறுபடியும் வெளியே போனால், இரண்டாவது டிராப்பில் பந்து முதலில் தரையைத் தொட்ட புள்ளியில் கையால் வையுங்கள். நிற்கவில்லை என்றால் அதே புள்ளியில் இன்னொரு முறை. அப்போதும் நிற்கவில்லை என்றால், குழிக்கு அருகில் போகாத, பந்து நிற்கும் மிக அருகிலான இடத்தில். அதனால் இரண்டாவது டிராப்பின்போது பந்து எங்கே தொட்டது என்பதை உடன் ஆடுபவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தோள் உயரத்திலிருந்து பழைய பழக்கத்தில் விட்டுவிட்டால் அது கணக்கில் சேராது. முழங்கால் உயரத்திலிருந்து மறுபடி விடுங்கள். கண்டுகொள்ளாமல் ரிலீஃப் ஏரியாவுக்குள்ளிருந்தே ஆடிவிட்டால் ஒரு அடி பெனால்டி.

டிராப் செய்த பந்து ரிலீஃப் ஏரியாவுக்குள்ளேயே ஈர மண்ணில் அமுங்கி நின்றுவிட்டதா? அதற்கு மீண்டும் ரிலீஃப் இல்லை. டிராப்பில் அமுங்கியது அடியால் புதைந்தது ஆகாது. அதனால் ஒரு கிளப் நீளத்துக்குள் இருக்கும் கொஞ்சம் உறுதியான, புல் அடர்ந்த திட்டைப் பார்த்து டிராப் செய்யுங்கள்.

அறிகுறி: பந்தும் தண்ணீரும் ஒன்றாக

கால் வைத்து நின்ற பிறகோ அதற்கு முன்போ தரை மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் அது தற்காலிகத் தண்ணீர். காலை அழுத்திப் பிதுக்கி வரவழைக்கக் கூடாது. ஈரம், சேறு, மெத்தென்ற தரை, காலடி வைத்ததும் ஒரு கணம் எட்டிப் பார்க்கும் தண்ணீர், இவை போதாது. பனித்துளியும் சேராது.

குட்டைக்குள் பந்து புதைந்திருந்தால் இரண்டு ரிலீஃபும் உங்களுக்கு உண்டு. எதை முதலில் எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். புதைந்த பந்து ரிலீஃப் எடுத்தால் ஒரு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்கிறீர்கள். குட்டை பெரிதாக இருந்தால் அங்கேயும் தண்ணீர்தான், மறுபடி ஒரு ரிலீஃப். முதலிலேயே தற்காலிகத் தண்ணீர் ரிலீஃப் எடுத்தால், தண்ணீர் முழுதும் விலகும் மிக அருகிலான புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஒரு கிளப் நீளம். இரண்டு சிக்கலும் ஒரே டிராப்பில் தீரும்.

அறிகுறி: விழுந்த இடம் தெரியும், பந்தைக் காணவில்லை

தேட மூன்று நிமிடம்தான். பந்து மண்ணுக்குள் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தாலும், கண்டுபிடிக்கவில்லை என்றால் அது தொலைந்த பந்து. ஒரு அடியோடு முன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். லோக்கல் ரூல் இ-5 இருந்தால் இரண்டு அடியோடு பந்து தொலைந்த பக்கத்திலேயே டிராப் செய்யலாம். அதனால் சந்தேகம் வந்தால் அடித்த இடத்திலேயே புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட வைத்துக்கொள்ளும் பந்து) அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பந்து குட்டையில்தான் இருக்கிறது என்பது 95 சதவீதமாவது உறுதியாக இருந்தால், காணாமலேயே இலவச ரிலீஃப் கிடைக்கும்.

தேடும்போது தெரியாமல் பந்தை மிதித்து உள்ளே அமுக்கிவிட்டால் பெனால்டி இல்லை. ஆனால் மிதித்து அமுங்கியதைப் புதைந்த பந்து என்று சொல்லி ரிலீஃப் எடுக்க முடியாது. முன்பிருந்த நிலையில் திரும்ப வைக்க வேண்டும். தெரியாவிட்டால் மதிப்பிட்டு வையுங்கள். ஈர மண்ணில் தேடும்போது காலைத் தேய்க்காமல், கிளப்பின் பின்பக்கத்தால் புல்லை மெல்ல விலக்கிப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: புதையவில்லை, ஆனால் பந்தெல்லாம் சேறு

இ-2வோ இ-3யோ இல்லையென்றால், கிரீனுக்கு வெளியே துடைக்க முடியாது. உங்கள் பந்துதானா என்று பார்க்க குறியிட்டு எடுக்கலாம். அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் சேற்றை விலக்கலாம். பந்தில் குறியை இரண்டு மூன்று பக்கத்தில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கிரீனில் கவலையே இல்லை. குறியிட்டு எடுங்கள், துடையுங்கள், பிட்ச் மார்க்கைச் சரி செய்யுங்கள், அதே இடத்தில் வையுங்கள், டிராப் இல்லை. பெனால்டி ஏரியாவில், தண்ணீரே இல்லாத வெறும் சேற்றில் புதைந்தாலும், இலவச ரிலீஃப் கிடையாது.

ரெஃபரியை அழைக்க வேண்டிய கட்டம்

பந்து எந்தப் பகுதியில் கிடக்கிறது என்பதே தகராறானால், பிட்ச் மார்க் யாருடையது என்று இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால், முகப்பு பங்கரா ஜெனரல் ஏரியாவா என்று புரியவில்லை என்றால், பந்தைத் தொடாமல் அழையுங்கள்.

ஸ்ட்ரோக் பிளேயில் ரெஃபரி வரத் தாமதமானால் விதி 20.1சி கைகொடுக்கும். அடுத்த அடி அடிக்கும் முன், இரண்டு பந்து ஆடப் போகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்து கணக்கில் வரட்டும் என்று மார்க்கரிடமோ (உங்கள் ஸ்கோரைக் குறிப்பவர்) உடன் ஆடுபவரிடமோ சொல்லுங்கள். ஒன்றை அப்படியே, இன்னொன்றை ரிலீஃப் எடுத்து, இரண்டையும் குழிவரை ஆடுங்கள். எது என்று சொல்லாமல் விட்டால் முதலில் ஆடிய பந்து தேர்ந்ததாகிவிடும். அட்டையைக் கொடுக்கும் முன் கமிட்டியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தகுதி நீக்கம்.

மேட்ச் பிளேயில் இரண்டு பந்து கிடையாது. எதிராளியோடு பேசி ஒத்துப்போகலாம். விதியைத் தெரிந்தே ஒதுக்குவதற்கு மட்டும் ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போகவில்லை என்றால், பிறகு ரூலிங் (அதிகாரபூர்வ முடிவு) கேட்பேன் என்று எதிராளியிடம் தெரிவித்துவிட்டு ஆடுங்கள். அடுத்த குழியின் முதல் அடியை யாராவது அடிக்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும்.